வினைல் பொம்மையில் வண்ணம் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடிப் பக்கம் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது என்றால் நினைவுக்கு வருவது மண் பொம்மைதான். புரவி எடுப்புக்கு வேளார் சுட்டுத் தரும் குதிரையின் மேல் எதைப் பூசினாலும் மண் அதைக் குடித்துக்கொள்ளும். சுண்ணாம்பும் பிடிக்கும், டிஸ்டம்பரும் பிடிக்கும், எனாமலும் பிடிக்கும். அந்தக் கைப்பழக்கத்தோடு வினைல் பொம்மையை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அது ஃபங்கோ பாப் மாதிரி ஏற்கெனவே வண்ணம் போட்டு வந்ததாக இருக்கலாம். கிட்ரோபாட்டின் மன்னி மாதிரி, நாமே தீட்டிக்கொள்வதற்கென்று வெறும் வெள்ளையாக வந்ததாகவும் இருக்கலாம்.

வினைல் எதையும் குடிக்காது. வண்ணம் அதன் மேல் படிந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். போதாததற்கு வினைல் சும்மாவும் இருப்பதில்லை. வினைல் என்பது பிவிசி என்ற பிளாஸ்டிக்தான். அது தன் இயல்பில் விறைப்பான பொருள். அதை மென்மையாக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள். அது பிவிசியோடு இறுகப் பிணைந்து கிடக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். கீழே நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இதனால் வருபவை.

ஆகவே குறை எந்தப் பூச்சில் தெரிகிறதோ அதிலேயே கை வைக்காதீர்கள். அதற்கு ஒரு படி கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவரைப் பழுதுபார்க்கும் கொத்தனார் ஒருவர், வெடிப்பைப் பார்த்ததும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். எங்கே பொள்ளென்று சத்தம் கேட்கிறதோ அங்கேதான் கொத்துவார். பொம்மையிலும் அப்படித் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

“ஒரு வாரமாகியும் விரலில் ஒட்டுகிறது”

இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். மேலே இன்னொரு பூச்சு அடித்து மறைக்கப் பார்ப்பதும் இதில்தான் அதிகம்.

முதலில் பொம்மையின் உள்ளங்காலில் கட்டைவிரலைப் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். ரேகை பதிகிறதா? தேதியைக் குறித்துக்கொண்டு நான்கு நாள் கழித்துப் பக்கத்திலேயே மறுபடி அழுத்துங்கள். இரண்டாவது ரேகை மங்கலாக இருந்தால் கவலை வேண்டாம். தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசியிருக்கிறீர்கள். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிட்டது. மின்விசிறிக் காற்று படும் இடத்தில் விட்டுவிடுங்கள், தானாகச் சரியாகும்.

இரண்டாவது ரேகையும் முதலாவதைப் போலவே ஆழமாகப் பதிந்தால், பூசியது எனாமலா அல்லது தின்னர் வாடை அடிக்கும் ஸ்பிரே டப்பாவா என்று யோசியுங்கள். அவற்றில் உள்ள கரைப்பான் வினைலின் மேற்பரப்பை இளக்குகிறது. இளகிய வினைலிலிருந்து பிளாஸ்டிசைசர் வண்ணத்துக்குள் ஏறுகிறது. வினைலை மென்மையாக வைத்திருந்த அதே பொருள் இப்போது வண்ணத்தையும் மென்மையாகவே வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் காத்திருந்தாலும் இது இறுகாது. வெயிலில் காயவைப்பது இன்னும் கெடுதல். சூட்டில் கசிவு கூடும்.

நான் தீட்டிய முதல் பொம்மை ஓர் ஆச்சி. சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவின் பேத்திக்காக, ஏழு அங்குல வெள்ளைப் பொம்மையில், நரைத்த கொண்டையும் கண்டாங்கிச் சேலையுமாக. சன்னல் கம்பிக்கு வாங்கி மீந்திருந்த எனாமலைத்தான் சேலைக்குப் பூசினேன். பூசிய அன்று பார்க்க அத்தனை அழகு. மூன்று வாரம் கழித்துத் தூக்கினேன், என் விரல் ஐந்தும் சேலையில் பதிந்தன. முற்றத்தில் காற்றோடு வரும் செம்மண் தூசி வேறு மடிப்புகளில் அப்பிக் கிடந்தது. மேலே அக்ரிலிக் வார்னிஷ் அடித்துப் பார்த்தேன். நான்கு நாள் நன்றாக இருந்தது. அப்புறம் வெடித்தது. அடிப்பூச்சு இளகலாகவும் மேற்பூச்சு இறுக்கமாகவும் இருந்தால் வேறு எப்படி நடக்கும்?

இதற்கு ஒரே வழி, உரித்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது. எனாமலை எடுக்க, துணியில் கொஞ்சமாக டர்பன்டைன் தொட்டுத் துடையுங்கள். பொம்மையை அதில் ஊறப்போடக் கூடாது. துடைத்த இடத்தை உடனே சோப்பு நீரில் கழுவுங்கள். அக்ரிலிக் என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தையும் பெயின்ட் தின்னரையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அசிட்டோன் வினைலைக் குழைத்துவிடும்; ஒரு தடவை குழைந்த பரப்பு பழைய வழவழப்புக்கு வராது. கழுவிய பொம்மையை இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் கலந்து பூசும் அக்ரிலிக் பிரைமரையோ ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சையோ மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். அதற்கு மேலும் அக்ரிலிக் மட்டுமே.

வண்ணமே பூசாத பழைய பொம்மை கையில் பிசுபிசுக்கிறதா? அதுவும் பிளாஸ்டிசைசர்தான், வயதாகி வெளியே வந்தது. பாத்திரம் துலக்கும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி பிசுபிசுத்தால் அந்தப் பொம்மையைத் தீட்டாமல் விட்டுவிடுவதே நல்லது.

எல்லாச் சேகரிப்புப் பொம்மையும் மென்வினைல் இல்லை. பேர்பிரிக் போன்றவை பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக். தட்டினால் டக்கென்று சத்தம் வரும், அமுக்கினால் அமுங்காது. அவற்றில் இந்த ஒட்டும் தொல்லை வருவதில்லை. ஒரு பொம்மையில் எனாமல் நன்றாகக் காய்ந்தது, இன்னொன்றில் காயவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் இரண்டையும் அமுக்கிப் பார்க்கட்டும்.

“நகம் பட்டதும் தோலாக உரிகிறது”

உரிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதைத் திருப்பிப் பாருங்கள். காரணம் அதன் முதுகில் இருக்கும். முதுகு வழவழவென்று சுத்தமாக இருந்து, பொம்மையில் வெறும் வினைல் தெரிந்தால், வண்ணம் வினைலை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. முதுகில் ஒரு நிறமும் பொம்மையில் வேறொரு நிறமும் தெரிந்தால், வினைலில் குறையில்லை. இரண்டு பூச்சுகளுக்கு நடுவே ஏதோ புகுந்திருக்கிறது.

முதல் வகைக்கு மூன்று காரணங்கள் உண்டு. அச்சிலிருந்து பொம்மை எளிதாகக் கழன்று வரத் தடவும் வழுக்குப் பொருள் மேலே மிச்சமிருக்கலாம். பரப்பு கண்ணாடி போல் வழுக்கலாக இருக்கலாம். மூன்றாவது நம் கை. தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வைக்கும் ஊர் இது. முடியைக் கோதிய விரலால் பொம்மையைப் பிடித்தால், பிடித்த இடத்தில் வண்ணம் சின்னச் சின்ன வட்டமாக விலகி நிற்கும். மீன்கண் என்று சொல்லலாம், அந்த வடிவம்தான்.

சோப்பு நீரில் கழுவி, 600 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஈரமாகவே மெல்லத் தேய்த்துப் பளபளப்பை எடுங்கள். கீறல் தெரியும்படி தேய்க்க வேண்டாம், மங்கினால் போதும். பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அதற்குமேல் வெறுங்கை படக் கூடாது. தலையைக் கழற்றிவிட்டு, கழுத்துத் துளையில் மரக்குச்சியைச் செருகி, குச்சியைப் பிடித்துக்கொண்டு தீட்டுங்கள்.

இரண்டாவது வகைக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். கீழ்ப்பூச்சு முழுதாகக் காயுமுன் மேல்பூச்சு போட்டிருப்போம், அல்லது பளபளப்பு வார்னிஷ் அடித்த பிறகு அதன் மேலேயே வண்ணம் தீட்டியிருப்போம். வார்னிஷ் மேல் தீட்டத்தான் வேண்டுமென்றால், அதையும் 800 எண் தாளால் மங்கலாக்கிக்கொள்ளுங்கள்.

முழுப் பொம்மையையும் பணயம் வைக்குமுன் உள்ளங்காலில் பிரைமர் பூசி மூன்று நாள் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக மெல்லக் கீறி, டேப்பை ஒட்டி இழுத்துப் பாருங்கள். கட்டம் அப்படியே நின்றால் மேலே போகலாம்.

“தலையைத் திருப்பினால் கழுத்தில் வண்ணம் ராவுகிறது”

எந்த வண்ணமும் இரண்டு பரப்பு உரசும் இடத்தில் நிற்காது. ஒரு பூச்சு கூடினாலே மூட்டு இறுகிவிடுகிறது. அதனால் உரசும் விளிம்பில் வண்ணமே இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தலை, கை கழலும் பொம்மையானால் கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் ஓரிரு நிமிடம் வைத்தால் வினைல் இளகும். துணியால் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்தால் வந்துவிடும். கொதிக்கிற நீர் வேண்டாம். கழற்றியதும் கழுத்தின் உட்பகுதியை 400 எண் தாளால் ஒரு சுற்று தேய்த்து, வெளியே தெரியாத பரப்பை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத் தீட்டுங்கள். எல்லாம் காய்ந்து ஒரு வாரம் ஆன பிறகே மாட்டுங்கள்.

ஏற்கெனவே ராவிவிட்டதென்றால் அந்த விளிம்பில் உள்ள வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளியே தெரியும் ஓரத்தை மட்டும் திருத்துங்கள். திருப்பாமல் வைக்கிற பொம்மையானால் ஒரு துளி பசையால் ஒட்டிவிடலாம். ஆனால் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி பக்கத்து வண்ணத்தின் மேல் வெண்படலமாகப் படியும்.

“சிவப்புப் பொம்மைக்கு வெள்ளை அடித்தேன், ரோஸ் ஆகிவிட்டது”

எப்போது ரோஸ் ஆனது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பூசி உலர்ந்த அன்றே அப்படித் தெரிந்தால் வெள்ளை போதவில்லை, அவ்வளவுதான். மெல்லிய பூச்சாக இன்னும் இரண்டு போடுங்கள். அன்று வெள்ளையாக இருந்து பத்து நாள் கழித்து மெல்ல மெல்ல ரோஸாக மாறினால், சிவப்பு வினைலின் சாயமே மேலே ஏறி வருகிறது. எத்தனை வெள்ளை பூசினாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும். அந்தச் சிவப்பைச் சேலைக்கோ தலைப்பாகைக்கோ வைத்துக்கொண்டு, வெள்ளை தேவைப்படும் உருவத்துக்கு வெள்ளைப் பொம்மையாகவே வாங்கிக்கொள்வதுதான் என் யோசனை.

மஞ்சளுக்கு வேறு தொல்லை. அது ஊடுருவித் தெரியும் நிறம். கறுப்பின் மேல் நேராகப் பூசினால் பாசிப் பச்சை போலத் தெரியும். முதலில் வெள்ளை, அதன் மேல் மஞ்சள். சிவப்புக்கு அடியில் வெளிர் ரோஸ் போட்டால் இரண்டே பூச்சில் நிறைந்துவிடும்.

“வார்னிஷ் அடித்ததும் வெண்புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது”

இங்கேதான் நம் ஊர் வானிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால், கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் இறங்கிவிடும். அந்த ஈரம் பூச்சுக்குள் சிக்கியதுதான் வெண்மை. கறுப்பிலும் கருநீலத்திலும் பளிச்சென்று தெரியும்.

உடனே துடைக்காதீர்கள். நன்றாகக் காய்ந்த வெயில் நாள் ஒன்றுக்காகக் காத்திருந்து, அதே வார்னிஷை மிக மெல்லிய தூறலாக ஒரு முறை அடித்தால் அடியில் உள்ள பூச்சு சற்று இளகி, ஈரம் வெளியேறித் தெளிவாவதுண்டு. மங்கல் வார்னிஷ் வெளுத்திருந்தால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு பெரும்பாலும் தெளியவைக்கும். அப்புறம் மங்கல் வேண்டுமென்றால் டப்பாவை இரண்டு நிமிடம் விடாமல் குலுக்கிவிட்டு அடியுங்கள். மங்கலைத் தரும் தூள் டப்பாவின் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் அடிப்பதாலும் வெண்திட்டு வரும்.

இதற்கு நேர்மாறானது சொரசொரப்பு. தடவினால் உப்புத்தாள் போல இருக்கும். சித்திரை, வைகாசி மதியத்தில், அதுவும் தூரத்திலிருந்து அடித்தால், துளி பொம்மையைத் தொடுமுன் காற்றிலேயே உலர்ந்து தூளாக வந்து விழுகிறது. 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். கோடையில் காலை எட்டிலிருந்து பத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் காற்றும் தூசியும் இரண்டுமே எதிரி. வளவில் நான்கு பக்கமும் மறைத்த அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடித்தாலும் ஒரு துரும்பாவது வந்து ஒட்டும். மழைக் காலத்துக்கும் ஆடிக்கும் நான் ஸ்பிரேயே எடுப்பதில்லை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷைத் தட்டையான மென்தூரிகையால் பூசிவிடுகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் கெடாது. எப்போது ஸ்பிரே அடித்தாலும் காற்றோட்டமான இடமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம். வீட்டில் குழந்தை இருந்தால் அன்று வேண்டாம்.

“கட்டத்தின் ஓரம் கசிகிறது”

கண்டாங்கிக் கட்டத்தைப் பொம்மையில் கொண்டுவர எனக்கு ஏழெட்டு முயற்சி ஆனது. செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு மூன்றும் நேர்கோட்டில் சந்திக்க வேண்டும். பொம்மையின் உடலோ உருண்டை. அகலமான டேப்பை வளைவில் ஒட்டினால் ஒரு விளிம்பு சுருங்கி மேலே தூக்கும். அந்த இடுக்கில்தான் வண்ணம் கசிகிறது. டேப்பை இரண்டு மில்லிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டி ஒட்டுங்கள். குறுகலான நாடா வளைவுக்குப் பணியும். விளிம்பை நகத்தால் தேய்த்து அழுத்தியபின், ஏற்கெனவே அடியில் இருக்கும் நிறத்தையே டேப்பின் ஓரமாக ஒரு முறை பூசுங்கள். கசிய வேண்டியது கசிந்து இடுக்கை அடைத்துவிடும். நிறம் அதேதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அது காய்ந்ததும் புதிய நிறத்தைப் பூசி, முழுதாகக் காய்வதற்குள் டேப்பைச் சாய்வாக மடக்கி இழுங்கள்.

ஆத்தங்குடித் தரைக்கல் போடும் பட்டறையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்யும் ஒருவர், “நாங்க நிறத்தை முதல்ல கண்ணாடி மேல ஊத்திருவோம்ணே, சிமெண்டு அதுக்கப்புறம்தான். உங்களுக்கு அது தலைகீழா இருக்கு” என்றார். அவர்கள் கண்ணாடி மேல் உலோகச் சட்டத்தை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறக் குழம்பை ஊற்றி, சட்டத்தைத் தூக்கிவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் இடுகிறார்கள். நிறம் கல்லோடு கல்லாக இறுகுகிறது, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே அதில் பதிந்துவிடுகிறது. அந்தக் கூர்மையான ஓரம் பொம்மையில் டேப்பால் மட்டும் வராது. ஆத்தங்குடிப் பூவை வரைய ஆசைப்படுபவர்கள் பூவை முதலில் பூசி, சுற்றியுள்ள தளத்தை அப்புறம் நிரப்புங்கள். பிசிறு இருந்தால் தள நிறமே அதை வெட்டிச் சரிசெய்துவிடும். அவர் சொன்னதைக் கேட்டுத் திரும்பிய அன்று மாலையே அப்படித் தீட்டினேன். முதல் முறையாகப் பூவின் இதழ் முனை கூராக வந்தது.

“தூரிகைத் தடம் தெரிகிறது”

வண்ணம் கெட்டி. பால் பதத்துக்கு நீர்த்து, ஒரு தடிப்பூச்சுக்குப் பதில் நான்கு மெல்லிய பூச்சு போடுங்கள். வெயில் காலத்தில் தட்டிலேயே வண்ணம் காய்ந்துவிடும். சாப்பாட்டு டப்பாவில் நனைத்த பஞ்சு, அதன் மேல் பட்டர் பேப்பர், அதில் வண்ணம். மூடி வைத்தால் மறுநாளும் ஈரம் இருக்கும்.

“ஒட்டி வைத்த கொண்டை விரிசல் விடுகிறது”

எம்-சீல் போன்ற எபாக்சி மாவு இறுகினால் கல். மென்வினைல் உள்ளே வெற்றிடமானது, அமுக்கினால் அமுங்கும். வளைகிற பொருளின் மேல் வளையாத பொருள் இருந்தால் ஓரத்தில்தான் முதலில் விடும். விரிசலில் மட்டும் மாவை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் விரியும். கொண்டையைப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தை 400 எண் தாளால் தேய்த்து, ஊசியைச் சுடவைத்துத் தலையில் மூன்று நான்கு துளை போடுங்கள். அதைக் காற்றோட்டத்தில் செய்யுங்கள், புகையை முகர வேண்டாம். மாவு துளைக்குள் புகுந்து உட்பக்கம் கொக்கி போல இறுகும்படி அழுத்தி வையுங்கள். அடுப்பில் சுடும் களிமண்ணை ஒட்டிப் பொம்மையோடு சுடுவது வேண்டாம். சூடு மிகுந்தால் பிவிசி சிதைந்து நச்சுப் புகை விடும்.

“நின்ற பொம்மை சாய்கிறது”

மேல்மாடிச் சன்னலில் மதிய வெயில் படும் இடத்தில் வைத்திருப்பீர்கள், கணுக்கால் இளகிவிட்டது. வண்ணம் தீட்டாததானால் சுடுநீரில் காட்டி நிமிர்த்தி, பிடித்தபடியே குளிர்ந்த நீரில் வைத்தால் அப்படியே நிற்கும். தீட்டியதானால் ஹேர் டிரையரின் குறைந்த சூட்டை, வண்ணம் இல்லாத உள்ளங்கால் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

“பொதிந்து வைத்த உறை ஒட்டிக்கொண்டது”

காய்ந்த அக்ரிலிக்கும் சூட்டில் சற்று இளகும். அதன் மேல் பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றினால், குமிழி உறையின் வட்டங்கள் வண்ணத்தில் அச்சாகப் பதியும். ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பொம்மையைப் பையில் போட்டு அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், பிறகு உறை பிரிந்து வரும். பதிந்த வட்டங்கள் மேல் மங்கல் வார்னிஷ் இரண்டு பூச்சு போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அனுப்புமுன் வார்னிஷ் அடித்து இரண்டு வாரமாவது விடுங்கள். வண்ணத்தைத் தொட்டபடி முதலில் வருவது பட்டர் பேப்பராகவோ, பல முறை துவைத்துச் சாயமோ கஞ்சியோ இல்லாத பருத்தித் துணியாகவோ இருக்கட்டும். குமிழி உறை அதற்கு வெளியே. எனாமலை உரித்து மறுபடி தீட்டிய ஆச்சியை, அப்பத்தா வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு அடைத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் பயணம். பேத்தி பிரித்ததும் படம் அனுப்பினாள். கொண்டையில் ஒரு கீறல் இல்லை, கட்டமும் அப்படியே இருந்தது.